மணவாளக்குறிச்சி கருமணலில் கிளீட்டஸ் அண்ணனின் கப்பற்படை

இந்தத் தளத்தின் முகப்பில் இருக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "பின்னணியை எந்தச் சாஃப்ட்வேரில் செய்தீர்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. எந்தச் சாஃப்ட்வேரும் இல்லை, சாமி. அது மணல். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மணல். அதன்மேல் விண்கப்பல் பொம்மைகளை வைத்து எடுத்த படம். போனது 2013 ஜூலையில். எப்படிப் போவது, என்ன கொண்டுபோகக் கூடாது எல்லாம் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கப்பல்கள் யாருடையவை, கொட்டுகிற மழைக்காலத்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக இங்கே வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் நீளத்தில் பிசின் வார்ப்பில் வரும் விண்கப்பல்களை வாங்கி, வண்ணம் தீட்டி, மேசைமேல் கறுப்புத் துணி விரித்து, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி இரண்டு பேர் போர் நடத்துவதுதான் எங்கள் விளையாட்டு. "நாற்பது வயசுல இது தேவையா?" என்று என் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. தேவைதான். விளையாட்டைவிட வண்ணம் தீட்டுவதிலும் அதைப் படமெடுப்பதிலும்தான் எனக்குப் பித்து அதிகம். இந்தப் பித்து பிடித்தவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம் பேர்தான், ஒருவரை ஒருவர் இணையத்தில் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவோம்.

அப்படிக் கிடைத்தவர் கிளீட்டஸ் அண்ணன். குளச்சல்காரர். வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வரைபடம் போடுகிற வேலை. அங்கே கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இந்தப் பித்து தொற்றியிருக்கிறது. கண்ணில் அழுத்தம் ஏறி ஒரு கண் முழுதாகப் போன பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். சென்னைக்குக் கண் காட்ட வரும்போதெல்லாம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆட்டமாவது ஆடாமல் போக மாட்டார். பெரும்பாலும் என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்.

அவர் கப்பல்களுக்கெல்லாம் மீன் பெயர். சின்னச் சின்னக் காவல் கப்பல்கள் நெத்திலி. நடுத்தரம் சூரை. எல்லாவற்றுக்கும் தலைவனாக உள்ளங்கை நீளத்தில் ஒன்று, மூக்கில் இரண்டு பக்கமும் கொம்பு நீட்டியது, அதற்குக் கொம்பன் சுறா என்று பெயர். மொத்தப் படைக்கும் ஒரே நீலம். கடையில் கிடைக்கிற நீலம் இல்லை, அவரே கலந்தது. "கரையில நின்னு பாத்தா தெரியாது மக்கா, உள்ள போனா ஒரு நீலம் வரும் பாத்துக்க, அதாக்கும் இது" என்பார். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்த நீலம் மனப்பாடம்.

அந்த ஜூலையில் போன் செய்தார். மிச்சமிருக்கிற கண்ணிலும் அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை, அடுத்த புதன்கிழமை திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். "கொம்பனும் முடிஞ்சுது. படை முழுசும் தயாராக்கும். நீ வந்து எல்லாத்தயும் ஒண்ணாட்டு வச்சு ஒரு படம் எடுத்துத் தா" என்றார்.

"படம் எதுக்கு அண்ணே, மேசைல வச்சுப் பாத்தா ஆச்சே?" என்று கேட்டேன், மடத்தனமாக.

"மேசைல வச்சா எனக்கு ஒரு நேரத்துல ஒரு கப்பல்தான் தெரியும், மக்கா. சாவி ஓட்ட வழியா பாக்கிறது போல. அஞ்சு வருசமா அடிச்ச படைய நான் இன்னும் ஒருக்காகூட முழுசாப் பாத்ததில்ல. படமா எடுத்துச் சின்னதா ஆக்கினா அந்த ஓட்டைக்குள்ள எல்லாம் அடங்கும்லா?"

அன்றைக்கே தட்கலில் டிக்கெட் போட்டேன்.

எழும்பூரிலிருந்து மாலை ரயில், காலையில் நாகர்கோவில் ஜங்ஷன். அங்கிருந்து அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய், பேரம் பேசத் தெரிந்தால் நாற்பது. குளச்சல் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய், ஒரு மணி நேரம் ஆகும். வழி முழுக்கச் சாரல். ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் ஈரமாக நெருக்கிக்கொண்டு நிற்க, நடத்துநர் என் காமிரா முக்காலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுக்கா?"

"இல்லிங்க, கப்பலைப் படமெடுக்க."

"இப்பம் தடைக்காலம்லா? போட்டெல்லாம் கரையிலல்லா கெடக்கு!" என்றார் பாவமாக. விளக்கம் சொன்னால் குளச்சல் வந்துவிடும் என்று தலையாட்டிவைத்தேன்.

அண்ணன் வீடு துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. அவர் மனைவி மெர்சி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போனதும் சாயா, அவித்த கிழங்கு, சாளைக் குழம்பு. மீன்பிடித் தடைக்காலத்திலும் சின்ன வள்ளங்களில் போகிறவர்கள் கொண்டுவரும் சாளை கிடைத்துவிடுகிறது. நான் சாப்பிடச் சாப்பிட அண்ணன் எதிரே உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அந்தச் சின்ன ஓட்டைக்குள் என் முகத்தைப் பிடிக்கப் பார்த்தார். "மெலிஞ்சு போயிட்டியே மக்கா" என்றார். நான் ஆறு கிலோ கூடியிருந்தேன். அவருக்கு என் முகத்தில் பாதிதான் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அறைக்குக் கூட்டிப் போனார். மேசை, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, சுவரில் மரத்தட்டில் வரிசையாக வண்ணப் புட்டிகள். புட்டிமேல் இருக்கிற எழுத்து அவருக்குத் தெரிவதில்லை. இடத்தை வைத்துத்தான் எடுக்கிறார். "இடப்பக்கம் மூணாவது எனக்க நீலம். அது பக்கத்துல வெளுத்த நீலம். கண்ண மூடிட்டு எடுப்பேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். நெத்திலிகள், சூரைகள், எல்லாம் அந்த நீலம். விளிம்பிலெல்லாம் வெளிர் நிறத்தை உலர் தூரிகையால் தேய்த்து, தகட்டு இடுக்குகளில் கறுப்பை ஒழுகவிட்டு, அத்தனை சுத்தம். ஒற்றைக்கண் ஓட்டையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படித்தான் செய்தாரோ என்று வாய் பிளந்து நின்றேன். அதன் பிறகு கொம்பனை எடுத்து என் கையில் வைத்தார்.

கொம்பன் பச்சை.

சந்தேகமே இல்லாத, கருத்த பச்சை. தெரிந்து அடித்தால் அழகாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் பச்சையின் விளிம்பில் நீலக் கப்பலுக்கு ஏற்ற வெளிர்நீலத்தைத் தேய்த்திருந்தார். பூசணம் பூத்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் நின்ற மெர்சி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, "வேலைப்பாடு பிரமாதம் அண்ணே" என்றேன். அதில் பொய் இல்லை.

அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போனபோது அக்கா சொன்னார். "மாதா கோவில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சோம் தம்பி. அந்தத் தட்ட எறக்கி, தொடச்சு, திரும்ப வச்சது நானாக்கும். வரிச மாறிப் போச்சு. பச்ச வந்து நீலத்துக்க இடத்துல நின்னுட்டு. நான் பாக்கும்ப அவிய முதல் பூச்சு அடிச்சு முடிச்சாச்சு. பாட்டும் பாடிட்டு அடிச்சாவ. எனக்குச் சொல்ல வாய் வரல்ல. அப்பறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு போயிட்டு. இப்பம் டாக்டர் வேற மனசு வெப்ராளப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல நீலமா மாத்திரலாம்லா தம்பி? அவியளுக்குத் தெரியவா போவுது?"

படத்தில் நிறத்தை மாற்றுகிறவர்களைக் கிழி கிழி என்று இதே தளத்தில் கிழித்தவன் நான். பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அடுக்களையில், "சரிக்கா, பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னேன். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் மூன்று பேரும் ஆட்டோவில் மணவாளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். குளச்சலிலிருந்து ஆறு கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார், கொடுக்கலாம். மழைக்காலத்தில்தான் அலை லேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு போய், கனமான கறுப்பு மணலைக் கரையில் விட்டுவைக்கும். அங்கங்கே சிவப்பாகவும் வரி ஓடும். ஈரமாக இருக்கும்போது கரிக்கறுப்பு. அதில் மின்னும் பொடித்துகள்களை ஒரு சாண் உயரத்தில் காமிராவை வைத்துப் பார்த்தால் அசல் நட்சத்திரக் கூட்டம். வானம் மூடியிருந்ததால் நிழல் விழாத மெத்தென்ற வெளிச்சம். இதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்கு வாய்த்ததில்லை.

அங்கேதான் மானம் போனது. கப்பலை அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டும் கண்ணாடிக் காலில் நிறுத்த அடிவயிற்றில் சின்னக் காந்தம் பதிப்போம். "காந்தம் வையுங்கள், காந்தம் வையுங்கள்" என்று பதிவு பதிவாக ஊருக்கு உபதேசம் செய்தவன், கொம்பனைத் தூக்கி மணலில் வைத்தேன். எடுத்தால் அடிவயிறு முழுக்கக் கறுப்பு மணல் அப்பிக்கொண்டு நிற்கிறது! அந்த மணல் காந்தத்துக்கு ஓடி வரும் என்பதை ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "லேய், கொம்பனுக்குத் தாடி மொளச்சிட்டுல்லா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மணல் உரசினால் வண்ணம் போய்விடும். தூரிகையால் ஒவ்வொரு மணியாகத் தட்டி எடுத்து, அடியில் செலோடேப் ஒட்டி, அதன் பிறகுதான் கண்ணாடிக் காலில் ஏற்றினேன்.

அக்கா ஒரு கையில் குடையும் ஒரு கையில் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையும் பிடித்து நின்றார். வெளிச்சத்தைத் திருப்பிக் கப்பல்களின் வயிற்றில் விழவைக்க அந்த அட்டை. அண்ணன் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அணிவகுப்பைச் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். "நெத்திலிய முன்னால பரத்தி விடு. சூரை ரெண்டு பக்கமும். கொம்பன் நடுவுல, கொஞ்சம் பைய, பின்னால." கண்ணுக்குத் தெரியாத படையை அவர் மனசுக்குள் அச்சாக வைத்திருந்தார். படம் எடுத்து முடிப்பதற்கும் மழை வலுப்பதற்கும் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கால் கழுவப் போனார். அந்த இடைவெளியில் மடிக்கணினியில் ஏற்றினேன். பச்சையை மட்டும் தேர்ந்து, நிறத்தின் அளவுகோலை நகர்த்தினேன். நீலமாகிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்துச் சூரைகளின் நீலமும் கொம்பனின் நீலமும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒத்துப்போயின. அக்கா திரையைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

அண்ணன் வந்து உட்கார்ந்தார். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார், பின்னால் இழுத்தார். படத்தை இன்னும் சின்னதாக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம். தீப்பெட்டி அளவுக்கு வந்ததும், "நிக்கட்டு, நிக்கட்டு" என்றார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

"எல்லாம் இருக்கு மக்கா. ஒண்ணுவிடாம இருக்கு." குரல் உடைந்துவிட்டது. பிறகு, "கொம்பனுக்க நீலம் எப்பிடி வந்திருக்கு?" என்றார்.

"நல்லா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் கை வெக்கல்லியே? வெக்க மாட்ட, எனக்குத் தெரியும். அதாலதான் ஒன்ன வரச் சொன்னது. இஞ்ச எத்தன ஸ்டுடியோக்காரன் கெடக்கான்!"

அக்காவைப் பார்த்தேன், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் இப்படி நம்பிக்கையோடு என் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "வச்சேன் அண்ணே. கொம்பன் நீலம் இல்ல, பச்சை. நான்தான் இதுல நீலமா மாத்தினேன்."

அக்கா ஓடி வந்து தரையில் உட்கார்ந்து, வெள்ளையடித்தது, தட்டை இறக்கியது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினார். முடிந்ததும் அண்ணன், "மாத்தாத படத்தக் காட்டு" என்றார். காட்டினேன். இதையும் சின்னதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டுத்தான் இருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. அக்காவின் தலை எங்கே இருக்கிறது என்று கையால் துழாவி, அதன்மேல் கையை வைத்தார்.

"பச்சை அடிச்சதுக்கு எனக்கு வெசனம் இல்ல, மெர்சி. புதன்கிழமைக்குப் பிறவு எனக்கு என்ன தெரியும், தெரியாதுன்னு ஆருக்குத் தெரியும்? கண்ணு போச்சுன்னா நான் ஒனக்க வாயக் கொண்டுதான் பாக்கணும். நீ பாவம் பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா மாத்திச் சொன்னா, நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்பிடிட்டி தெரியும்? அதுதான் எனக்குப் பயம். கண்ணு போறது இல்ல."

"இனி மாத்த மாட்டேன். சத்தியமா மாத்த மாட்டேன்."

"சத்தியம் ஒண்ணும் வேண்டாம். இப்பம் சொல்லு, பச்சைல எனக்கக் கொம்பன் எப்பிடி இருக்கான்?"

அக்கா மூக்கை உறிஞ்சினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாழக்கா போல இருக்கு. பூப்பிடிச்ச வாழக்கா" என்றார்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டிலிருந்து என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். "கண்ணு செரியாவட்டு, நானே நீலம் அடிப்பேன். அதுவரைக்கும் வாழக்காயாட்டே கெடக்கட்டும்" என்றார். முகப்பில் நீங்கள் பார்க்கிற படம் அந்த மாற்றாத படம்தான். நடுவில் ஏன் ஒரு பச்சைக் கப்பல் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். இதை எழுதச் சொன்னவரும் அண்ணன்தான், உள்ளதை உள்ளபடி எழுது என்று சொன்னார்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. கறுப்பு மணல் வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள், மற்ற மாதங்களில் வெண்மணல் மூடிவிடலாம். அப்போது கடல் மூர்க்கமாக இருக்கும், அலைக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள். கப்பலில் காந்தம் இருந்தால் கட்டாயம் டேப் ஒட்டுங்கள், சொன்னதைக் கேளுங்கள். மணலில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது, அந்தப் பொடி உள்ளே போனால் காமிராவுக்குக் கதி மோட்சம்தான். குப்பியில் அள்ளிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அது கனிம மணல், சட்டம் இருக்கிறது. அங்கே இருக்கிற அரசு மணல் ஆலைப் பக்கமும் காமிராவைத் திருப்ப வேண்டாம். கையில் அரைநாள் மிஞ்சினால் குளச்சலிலிருந்து தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வரலாம், திங்கட்கிழமை மட்டும் பூட்டியிருக்கும். திரும்பும்போது ரயில் கிடைக்காதவர்களுக்கு வடசேரியிலிருந்து சென்னைக்குச் சாயங்காலப் பேருந்துகள் இருக்கின்றன.

நிறத்தை மாற்றுவது பற்றி நான் முன்பு எழுதிய பதிவுகளை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எடுக்க மாட்டேன். ஆனால் அவற்றை எழுதியபோது எனக்குக் கோபம் மட்டும்தான் தெரிந்திருந்தது. ஒரு படத்தை நம்பி ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அக்காவிடமிருந்து போன் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தது.

"நேத்து காலைல கட்டு அவுத்தாவ தம்பி" என்றார். "அவிய கண்ணத் தெறந்து தலய இப்பிடியும் அப்பிடியும் சாச்சுப் பாத்தாவ. பிறவு, 'மெர்சி, லைட்டுப் போடல்லியா?'ன்னு கேட்டாவ."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"லைட்டு எரியுதுன்னு சொன்னேன்."

"அண்ணன் என்னக்கா சொன்னாரு?"

"எனக்கக் கையத் தேடிப் பிடிச்சாவ. பிடிச்சிட்டு, 'செரி, ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு, சொல்லு'ன்னு கேட்டாவ."